சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு வாசல்

காளையார்கோவில் பக்கம் உழவு ஓட்டும் டிராக்டர் எதுவானாலும், அதன் முன் அச்சுக்கு அருகே ஒரு முறை குனிந்து பாருங்கள். சேறும் பழைய கிரீஸும் அப்பிக் கிடக்கும் இடத்தைத் துணியால் துடைத்தால், சுண்டுவிரல் நுனி அளவில் ஓர் உலோகக் குமிழ் தலை காட்டும். அதன் உச்சியில் கடுகு அளவுக்கு ஒரு குண்டு. ஊசி முனையால் அழுத்தினால் உள்ளே போகும். விட்டால் திரும்பி வரும். பட்டறையில் இதற்குப் பெயர் நிப்பிள். கிரீஸ் கன்னின் வாயை இதன் மேல் பொருத்திக் கைப்பிடியை அடித்தால், குண்டு விலகி கிரீஸுக்கு வழிவிடும். அடிப்பதை நிறுத்தியதும் அடியில் இருக்கும் சுருள்வில் குண்டை மேலே தள்ளி வாயை அடைத்துவிடும். கிரீஸ் உள்ளே போகலாம், தூசி போகக் கூடாது. இந்த ஒரு வேலைக்காகப் பிறந்த வாசல் இது.

சென்ற ஆவணியில் என் தாய்மாமாவின் பழைய மாஸி ஃபெர்குசன் 1035, வெகுநாள் தரிசாகக் கிடந்த புஞ்சை ஒன்றை உழுதது. மண்ணுக்குள் மறைந்திருந்த சீமைக்கருவேல் கட்டை ஒன்று முன்சக்கரத்தை ஒட்டி இருந்த நிப்பிளைத் தறித்துவிட்டுப் போனது. யாரும் கவனிக்கவில்லை. நாள் செல்லச் செல்ல ஸ்டியரிங் இறுகியது. வரப்போரம் திருப்பும்போது கிரீச்சென்று ஒரு சத்தம். புரட்டாசியில் புழுதி விதைப்பு தொடங்குமுன் சரி பார்த்துவிடலாம் என்று தொண்டிச் சாலையில் ஒரு பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினோம். மெக்கானிக் குனிந்து பார்த்தார். எழுந்து போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்து சாக்கின் மேல் கவிழ்த்தார். ஐம்பது அறுபது நிப்பிள்கள் உருண்டன. நேராக நிற்பவை, கழுத்து சாய்ந்தவை, முழங்கை மாதிரி மடங்கியவை.

“எல்லாம் ஒரே மாதிரிதானேண்ணே இருக்கு?” என்றேன்.

“பாக்கத்தான் தம்பி ஒரே மாதிரி. மரை ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நாட்டு மரை” என்றார்.

அந்த டின்னுக்குள் எத்தனை நாடுகள் இருக்கின்றன என்று தேடிப் போனேன். தேடல் கொண்டுபோய் நிறுத்திய முதல் இடம் எகிப்து.

ஏறத்தாழ 3,900 ஆண்டுகளுக்கு முன், ஜெகூதிஹோதெப் என்ற எகிப்திய ஆளுநரின் கல்லறைச் சுவரில் ஒரு சித்திரம் தீட்டப்பட்டது. பிரம்மாண்டமான சிலை ஒன்றைச் சறுக்குக் கட்டையில் ஏற்றி, 170 பேருக்கு மேல் கயிறு போட்டு இழுக்கிறார்கள். சறுக்குக் கட்டையின் முன்னால் ஒருவர் நின்று, பாதையில் ஏதோ ஒரு திரவத்தை ஊற்றுகிறார். மணலை அளவாக நனைத்தால் இழுக்கத் தேவையான பலம் ஏறத்தாழப் பாதியாகிறது என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2014-ல் சோதித்துக் காட்டினார்கள். நூற்று எழுபது பேருடைய பாரத்தை ஒரு குடம் தண்ணீரால் ஒருவர் குறைக்கிறார். மசகு என்ற எண்ணத்துக்கு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய படங்களில் ஒன்று இது. அதற்குச் சில நூற்றாண்டுகள் கழித்து, கி.மு. 1400-ஐ ஒட்டி, யூயா என்ற பிரபுவின் கல்லறையில் வைக்கப்பட்ட தேரின் அச்சில் பிசுக்கு ஒட்டியிருந்தது. ஆய்ந்தவர்கள் அதை ஆட்டுக் கொழுப்பு அல்லது மாட்டுக் கொழுப்பு என்று கணித்தார்கள். அதோடு மணலும் கலந்திருந்தது. மசகு போட்ட இடத்தைத் தூசி தேடி வரும் என்ற தொல்லைக்கும் அதே வயது.

நம் பக்கம் வருவோம். கடற்கரை உப்பை மாட்டுவண்டிகளில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோன உமணர்கள், மேடு பள்ளத்தில் அச்சு முறிந்தால் மாற்றிக்கொள்ள வண்டியின் அடியில் உபரி அச்சு ஒன்றைக் கட்டி வைத்திருந்தார்கள். புறநானூற்றில் ஔவையார் அதை உவமையாகவே எடுத்து ஆண்டிருக்கிறார். வழியில் எது முதலில் தேயும், எது முறியும் என்று தெரிந்தவர்கள்தான் அப்படிக் கட்டி வைப்பார்கள். பாரத்தைச் சுமக்கும் சக்கரம் ஊர் பார்க்க உருளும். பாரம் முழுக்க வந்து இறங்கும் இருசு யார் கண்ணிலும் படாது.

அந்த இருசுக்கு நம் ஊர்களில் போட்டது வண்டி மை. வைக்கோலைக் கரித்துப் பொடித்து விளக்கெண்ணெயில் குழைத்தால் கன்னங்கரேலென்று ஒரு விழுது வரும். அதை மூங்கில் குழாயில் அடைத்து வண்டியின் அடியில் தொங்கவிடுவார்கள். கடையாணியைக் கழற்றி, சக்கரத்தை லேசாக வெளியே இழுத்து, குச்சியால் மையை எடுத்து இருசில் தடவி, சக்கரத்தைத் தள்ளி, ஆணியைச் சொருக வேண்டும். பாரவண்டி தூரப் பயணம் போனால் வழியிலும் இதே வேலைதான். என் மாமா வீட்டு மாட்டுத் தொழுவத்தின் எரவாணத்தில் அப்படி ஒரு குழாய் இன்னும் சொருகியிருக்கிறது. வண்டி போய் நாற்பது வருஷம் ஆகிறது. மூக்கருகே கொண்டுபோனால் விளக்கெண்ணெய் வாடை இன்னும் லேசாக வருகிறது.

விளக்கெண்ணெய்க்கு ஒரு குணம் உண்டு. மற்ற தாவர எண்ணெய்களைவிட அது கெட்டியானது. எவ்வளவு அழுத்தினாலும் இரண்டு பரப்புக்கும் நடுவில் ஒரு மெல்லிய படலமாகத் தங்கி நிற்கும். கரித்தூள் அதை ஒழுகிப் போகாமல் பிடித்து வைத்தது. எண்ணெயையும் அதைப் பிடித்து வைக்கும் ஒரு பொருளையும் சேர்த்தால் கிரீஸ். இன்றைய கிரீஸுக்கும் இலக்கணம் இதுதான். கரித்தூளின் இடத்துக்கு இப்போது ஒருவகைச் சோப்பு வந்திருக்கிறது. இந்த ஆமணக்கு நம்மை விட்டுப் புறப்பட்டு உலகம் சுற்றி, கடைசியில் நிப்பிள் வழியாகத் திரும்பி வரப்போகிறது. அதனால் அதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காளையார்கோவில்காரர்களுக்குப் பாரமான சக்கரத்தைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மருது சகோதரர்கள் காளீஸ்வரருக்குத் தேர் செய்த கதையையும், அந்தத் தேர் நகர மறுத்த கதையையும் கேட்டு வளர்ந்த ஊர் இது. தேரோட்டம் என்றால் வடம் பிடிப்பவர்கள்தான் கண்ணில் படுவார்கள். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுபவர்களும், முந்தின நாளே அச்சுக்கு மசகு போடுபவர்களும் அதே அளவு முக்கியம். பக்கத்துச் சோழநாட்டில், திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. சக்கரம் இரும்பானாலும் அச்சு மசகைக் கேட்பது மாறவில்லை.

இனி மசகெண்ணெயைத் தேடிக் கடல் தாண்டுவோம். செட்டிநாட்டுக்காரர்கள் வட்டித் தொழிலுக்காகவும் நெல்லுக்காகவும் தேக்குக்காகவும் போன பர்மாவில், ஐராவதி ஆற்றங்கரையில் யெனாங்யாங் என்று ஓர் ஊர். பெயருக்கே நாற்றநீர் ஓடை என்றுதான் பொருள். அங்கே பல தலைமுறைகளாகக் கையால் கிணறு தோண்டிக் கச்சா எண்ணெய் இறைத்தார்கள். விளக்கெரிக்கவும், படகுக்கும் வீட்டு மரத்துக்கும் பூசவும் அது பயன்பட்டது. 1850-களில் லண்டனில் மெழுகுவத்தி செய்துகொண்டிருந்த பிரைஸ் நிறுவனம், இந்த ரங்கூன் எண்ணெயைப் பீப்பாய் பீப்பாயாக வரவழைத்துக் காய்ச்சி வடித்தது. வேண்டியது வத்திக்கான மெழுகு. கூடவே வழவழப்பான ஓர் எண்ணெயும் தேங்கியது. அதை இயந்திரங்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள்; பிரமாதமாக வேலை செய்தது. மெழுகுவத்திக்காரர்கள் இயந்திர எண்ணெய் வியாபாரிகளும் ஆனார்கள். கொழுப்பும் தாவர எண்ணெயும் ஆண்ட இடத்துக்குள் பூமி எண்ணெய் இப்படிப் பக்கவாட்டில் நுழைந்தது.

எண்ணெய் கிடைத்துவிட்டது. அடுத்த கேள்வி அதை உரசும் இடத்துக்குக் கொண்டுசேர்ப்பது எப்படி என்பது. நீராவி ரயில் எஞ்சின்கள் வந்த காலத்தில் இது பெரும்பாடு. ரயிலை நிறுத்தி, எண்ணெய்க் குடுவையோடு இறங்கி, ஒவ்வொரு மூட்டாக ஊற்றிக்கொண்டு போக வேண்டும். எலைஜா மெக்காய் என்பவர் இந்த வேலையைச் செய்தவர்களில் ஒருவர். அமெரிக்காவின் கென்டக்கியிலிருந்து அடிமைத்தளையை அறுத்துக்கொண்டு கனடாவுக்குத் தப்பிவந்த பெற்றோரின் மகன். ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்குப் போய் இயந்திரவியல் கற்றுத் திரும்பினார். கறுப்பரான அவருக்கு மிச்சிகன் ரயில்வேயில் கிடைத்தது கரி அள்ளிப் போட்டு எண்ணெய் ஊற்றும் வேலைதான். ஊற்றி ஊற்றிச் சலித்தவர், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே தானாக எண்ணெய் இறங்கும் ஒரு கிண்ணத்தை உருவாக்கி 1872-ல் காப்புரிமை பெற்றார். பின்னாளில் அவர் பெயரில் ஐம்பதுக்கும் மேற்பட்ட காப்புரிமைகள் சேர்ந்தன.

எண்ணெய் ஒழுகும், கிரீஸ் நிற்கும். அதனால் மெதுவாகச் சுற்றும் பாரமான மூட்டுகளுக்குக் கிரீஸ் கிண்ணம் வந்தது. மூடி போட்ட சின்னப் பித்தளைக் கிண்ணம். உள்ளே கிரீஸை நிரப்பி மூடியைத் திருகினால், திருகத் திருகக் கிரீஸ் கீழே இறங்கும். முதல் மோட்டார் கார்களில் இப்படிக் கிண்ணங்களும் எண்ணெய்த் துளைகளும் வண்டி முழுக்க இருந்தன. தினமும் காரை எடுக்குமுன் ஒவ்வொன்றாகத் திருகிக்கொண்டு சுற்றி வர வேண்டும். ஒன்றை மறந்தால் அந்த மூட்டு தேயும். துளை திறந்தே இருந்ததால் எண்ணெயைவிட வேகமாகத் தூசி இறங்கியது. கடையாணியைக் கழற்றி மை தடவிய நம் வண்டிக்காரருக்கும் அன்றைய கார் ஓட்டிக்கும் பாடு ஒன்றுதான்.

இந்த இடத்தில் ஆமணக்கு வானத்தில் ஏறுகிறது. சார்லஸ் வேக்ஃபீல்ட் என்ற ஆங்கிலேயர் 1899-ல் தொடங்கிய மசகெண்ணெய் நிறுவனம், கார்களுக்கும் விமானங்களுக்கும் பொருத்தமான எண்ணெய் தேடி அதில் ஆமணக்கெண்ணெய் சேர்த்தது. 1909-ல் அதற்கு வைத்த பெயர் காஸ்ட்ரால். ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரான காஸ்டர் ஆயிலிலிருந்து வந்தது அது. முதல் உலகப் போரில் பறந்த பல விமானங்களின் எஞ்சின், காற்றாடியோடு சேர்ந்து மொத்தமாகவே சுழலும் வகை. பெட்ரோலும் மசகும் ஒன்றாகவே உள்ளே போகும் அந்த எஞ்சினில், பெட்ரோலில் எளிதில் கரையாத ஆமணக்கெண்ணெய்தான் தாக்குப் பிடித்தது. எரியாத எண்ணெய் புகையாக வெளியேறி விமானிகளின் முகத்தில் அடித்தது. நாளெல்லாம் அதைச் சுவாசித்து விழுங்கிய அவர்களுக்கு வயிறு என்ன ஆகியிருக்கும் என்பதை, சின்ன வயதில் மாதம் ஒரு முறை விளக்கெண்ணெய் குடித்த நம் தலைமுறைக்கு விளக்க வேண்டியதில்லை.

அதே போர்க்காலத்தில் சிகாகோவில் ஓர் இளைஞர் கிரீஸ் கிண்ணங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பெயர் ஆர்தர் கல்போர்க். அவருடைய குடும்பம் அலமைட் என்ற பெயரில் உலோக வார்ப்புத் தொழில் நடத்தியது. வார்ப்பு இயந்திரங்களின் கிண்ணங்களை நிரப்பித் திருகும் வேலை ஓயாத வேலை. அவர் யோசித்தது இதைத்தான்: மூட்டுக்கு மூட்டு ஒரு கிண்ணம் எதற்கு? கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மூட்டில் ஒரு வாயை மட்டும் விட்டால் போதுமே. கையில் இருந்தது கிரீஸ் கன், மூட்டில் இருந்தது நிப்பிள். கன்னின் குழாயை நிப்பிளில் மாட்டிப் பூட்டி, திருகி அழுத்தினால் கிரீஸ் பலத்தோடு உள்ளே போனது. போகும் வேகத்தில் பழைய அழுக்கையும் வெளியே தள்ளியது. போர் வண்டிகளுக்கு இதைப் பொருத்தியது அமெரிக்க ராணுவம். ராணுவத்தில் வண்டி பழகியவர்கள் ஊர் திரும்பியபோது, தங்கள் கார்களுக்கும் அதே சாமானைக் கேட்டார்கள். விளம்பரம் செய்யாத வேலையைப் போர் செய்துவிட்டது.

குழாயை ஒவ்வொரு முறையும் மாட்டிக் கழற்றும் சிரமம் மிச்சம் இருந்தது. அதைத் தீர்த்தவர் வியன்னாவில் 1878-ல் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஆஸ்கர் ஜெர்க். நிப்பிளின் தலையை அவர் மாற்றி அமைத்தார். கன்னின் வாயை அதன் மேல் அழுத்தினாலே போதும், கிரீஸின் அழுத்தமே கசிவில்லாமல் பிடித்துக்கொள்ளும். 1929 ஜனவரியில் காப்புரிமை கிடைத்தது. இன்றும் அமெரிக்க விவசாயி நிப்பிள் என்று சொல்வதில்லை. ஜெர்க் என்றுதான் சொல்வார். ஒரு மனிதரின் குடும்பப் பெயர் லட்சக்கணக்கான டிராக்டர்களில் சேறு பூசிக்கொண்டு கிடக்கிறது.

நல்ல சாமான் என்றால் நகல் வரும். ஜெர்க்கின் நிறுவனத்தையும் அலமைட்டையும் தன் கைக்குள் கொண்டுவந்த சிகாகோ நிறுவனமான ஸ்டூவர்ட் வார்னர், நகல் எடுத்தவர்களை நீதிமன்றத்துக்கு இழுத்தது. அவற்றில் ஒரு வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. எதிர்த்தரப்பு லிங்கன் எஞ்சினியரிங். கன், அதன் வாய், நிப்பிள் மூன்றும் சேர்ந்தால் எங்கள் காப்புரிமை. ஆகவே எங்கள் நிப்பிளில் அடிக்க வேறொருவர் கன் விற்கக் கூடாது என்பது ஸ்டூவர்ட் வார்னரின் வாதம். 1938-ல் தீர்ப்பு வந்தது. கன்னின் வாயை மேம்படுத்தியவர் அந்த வாய்க்கு உரிமை கேட்கலாம். ஏற்கெனவே எல்லாரும் அறிந்த கன்னையும் நிப்பிளையும் அதோடு சேர்த்துக் கட்டி மொத்தத்துக்கும் உரிமை கொண்டாட முடியாது என்றது நீதிமன்றம். எந்தக் கம்பெனி கன்னையும் எந்தக் கம்பெனி நிப்பிளிலும் வைத்து அடிக்கலாம் என்று இன்று நாம் எடுத்துக்கொள்ளும் சுதந்திரத்துக்குப் பின்னால் இப்படியும் ஒரு வழக்கு இருக்கிறது.

அட்லாண்டிக் கடலைத் தாண்டி ஐரோப்பாவுக்குப் போனபோது அலமைட்டின் பெயர் டெக்கலமிட் ஆனது. பிரான்சில் இன்றும் பழைய ஆட்கள் நிப்பிளை அந்தப் பெயரால் குறிப்பிடுவார்கள். பிரிட்டனில் வழங்கியது நிப்பிள் என்ற சொல். நமக்கு வண்டிகள் பிரிட்டன் வழியாக வந்ததால் சொல்லும் அந்த வழியாகவே வந்தது. அமெரிக்காவில் வளர்ந்த சாமானுக்குக் காளையார்கோவில் பட்டறையில் வழங்கும் பெயர் இங்கிலாந்துப் பெயர்.

அந்த வண்டிகளில் நமக்கு நெருக்கமான ஒன்றைப் பார்ப்போம். அயர்லாந்துக்காரரான ஹாரி ஃபெர்குசன், கலப்பையை டிராக்டரோடு மூன்று புள்ளிகளில் இணைத்து, ஹைட்ராலிக் பலத்தால் ஏற்றி இறக்கும் முறையை வடிவமைத்தவர். 1946 முதல் கவென்ட்ரி நகரில் தயாரான அவருடைய சின்னச் சாம்பல்நிற டிராக்டர் 5 லட்சத்துக்கும் மேல் விற்றது. பிறகு மாஸி நிறுவனத்தோடு இணைப்பு, 35 என்ற மாடல், மாஸி ஃபெர்குசன் என்ற பெயர். சென்னையில் சிம்சன் நிறுவனத்தை வளர்த்த அனந்தராமகிருஷ்ணனின் அமால்கமேஷன்ஸ் குழுமம், மாஸி ஃபெர்குசனோடு கைகோத்து 1960-ல் டாஃபே நிறுவனத்தைத் தொடங்கியது. செம்பியத்தில் முதல் ஆலை. பின்னால் மதுரைப் பக்கம் கல்லடிப்பட்டியில் இன்னொன்று. அந்த 35-இன் வழியில் வந்த சிவப்பு வண்டிதான் என் மாமாவின் 1035.

அந்தக் காலத்து இந்தியா டிராக்டர்களின் சந்தைக்கூடம். 1959-ல் ஃபரீதாபாத்தில் தயாரான ஐஷர் ஜெர்மன் குடும்பம். எஸ்கார்ட்ஸ் கொண்டுவந்தது போலந்தின் உர்சுஸ். மகிந்திரா இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரோடு சேர்ந்து பி-275-ஐ இறக்கியது. எச்.எம்.டி. 1971-ல் பிஞ்சூரில் செக்கோஸ்லோவாகியாவின் ஸீட்டர் 2511-ஐத் தயாரித்தது. பிரிட்டிஷ் வண்டிக்கு அங்குலக் கணக்கு, ஜெர்மன், செக் வண்டிகளுக்கு மில்லிமீட்டர் கணக்கு. இரும்பு ஒன்றுதான், மரை வேறு. மெக்கானிக் சொன்ன நாட்டுக் கணக்கு இதுதான்.

எவ்வளவு நெருக்கமான வேறுபாடு என்று பாருங்கள். அரைக்கால் அங்குலக் குழாய் மரையின் வெளிவிட்டம் 9.73 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 28 மரை. எம்-10 நுண்மரையின் விட்டம் 10 மில்லிமீட்டர், மரைக்கு மரை 1 மில்லிமீட்டர். கண்ணால் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். அங்குலத் துளையில் மில்லிமீட்டர் நிப்பிளை வைத்துத் திருகினால் ஒரு சுற்று, இரண்டு சுற்று போகும், பிறகு இறுகும். அந்த இடத்தில் நிறுத்தாமல் ஸ்பானர் போட்டு முறுக்கினால் துளையின் மரை சிதைந்துவிடும். டீக்காசு சாமானுக்காக அச்சுப் பாகத்தையே மாற்ற நேரும். மெக்கானிக் ஒவ்வொரு நிப்பிளையும் முதலில் விரலால்தான் திருகிப் பார்த்தார். விரலுக்கு வழிவிட்டுக் கடைசிவரை போனதைத்தான் வைத்துக்கொண்டார்.

அதற்கு முன் உடைந்ததை எடுக்க வேண்டியிருந்தது. தலை போய், கழுத்து துளைக்குள் மட்டமாக நின்றது. சுற்றிலும் டீசல் விட்டு ஊறவைத்தார். நிப்பிளின் நடுவில் ஏற்கெனவே துளை இருப்பதால் தனியாகத் துளை போட வேண்டியதில்லை. ஒரு பழைய அரத்தின் கூரான வாலை அந்தத் துளையில் வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டு. அரம் உள்ளே கவ்வியது. ரெஞ்சைப் போட்டு இடப்பக்கமாக மெல்ல மெல்லத் திருப்பினார். டிக் என்று ஒரு சத்தம். கழுத்து சுழன்று வெளியே வந்தது. பிறகு மரை வெட்டும் டேப்பில் கிரீஸைத் தடவி, துளையின் மரையைச் சுத்தம் செய்தார். இரும்புத் துகள் உள்ளே விழாமல் அந்தக் கிரீஸில் ஒட்டிக்கொண்டு வெளியே வந்தது. துளையின் அடியில் பழைய கிரீஸ் கல்லாக இறுகியிருந்தது. கம்பியால் குத்திக் கிளறி எடுத்தார்.

புது நிப்பிளாக அவர் எடுத்தது கழுத்து சாய்ந்த வகை. அதை முன்பக்கம் பார்க்க வைக்காமல் பின்பக்கம் பார்க்கத் திருப்பி நிறுத்தினார். “முன்னாடி பாத்தா இன்னொரு கட்டை தறிக்கும்” என்றார். சீமைக்கருவேல் மெக்சிகோ, தென்னமெரிக்கப் பக்கத்துத் தாவரம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அமெரிக்கக் கண்டத்து மரம், அமெரிக்காவில் வளர்ந்த நிப்பிளைச் சிவகங்கைச் சீமைப் புஞ்சையில் சந்தித்து உடைத்திருக்கிறது.

இனி ஆமணக்கு. பழைய சுண்ணாம்புச் சோப்பு கிரீஸ் தண்ணீரைத் தாங்கும், சூட்டைத் தாங்காது. சோடியச் சோப்பு கிரீஸ் சூட்டைத் தாங்கும், தண்ணீரில் கரையும். சேற்றுழவும் வேண்டும், சித்திரை வெயிலும் வேண்டும் என்றால் இரண்டும் உதவாது. கிளாரன்ஸ் எர்ல் என்ற அமெரிக்கர் 1942-ல் லித்தியம் சோப்பு கிரீஸுக்குக் காப்புரிமை பெற்றார். தண்ணீரையும் சூட்டையும் ஒருசேரத் தாங்கியது அது. அந்த லித்தியத்தோடு சேர்க்க மிகப் பொருத்தமான கொழுப்பமிலத்தைத் தேடியவர்கள் வந்து நின்றது ஆமணக்கெண்ணெயில். ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிய ஆமணக்கெண்ணெயிலிருந்து கிடைக்கும் அமிலம்தான் இன்று உலகில் பெருவாரியாக விற்கும் கிரீஸின் எலும்புக்கூடு. உலக ஆமணக்கு விளைச்சலில் பெரும்பங்கு இந்தியாவுடையது; அதிலும் பெரும்பங்கு குஜராத்துடையது. வண்டி மையில் எண்ணெயாக இருந்த ஆமணக்கு, கிரீஸ் டப்பாவில் அந்த எண்ணெயைப் பிடித்து வைக்கும் பொருளாகத் திரும்பி வந்திருக்கிறது. மூங்கில் குழாயில் கரித்தூள் பார்த்த வேலையை இன்று அதுவே பார்க்கிறது.

மெக்கானிக் ஜாக்கியை வைத்து முன் அச்சைத் தூக்கினார். பாரம் அச்சில் இறங்கியிருந்தால் கிரீஸ் சுற்றிப் பரவாது. நிப்பிளின் தலையைத் துணியால் நன்றாகத் துடைத்தார். துடைக்காமல் அடித்தால் தலையில் இருக்கும் மண்ணை நாமே உள்ளே தள்ளுகிறோம். பிறகு கன்னை என் கையில் கொடுத்தார். முதல் நான்கைந்து அடிக்கு ஒன்றுமில்லை. பிறகு மூட்டின் இடுக்கில் கறுப்பாக ஒரு கோடு கசிந்தது. அதன் பின்னால் துருவும் சேறும் கலந்த செங்கலங்கல். இன்னும் சில அடிகள். கலங்கல் வெளுத்து, டப்பாவில் பார்த்த அதே நிறத்தில் தெளிந்த கிரீஸ் வளையமாகப் பிதுங்கியது. “போதும் தம்பி” என்றார். கன்னின் வாய் ஓரத்தில் லேசாகக் கசிந்ததை விரலால் அடைக்கப் போன என் கையைத் தட்டிவிட்டார். அவர் செய்தது எவ்வளவு சரி என்று பிறகு படித்தபோது புரிந்தது. கைக் கன்னின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஆயிரக்கணக்கான பவுண்டு. தோலைத் துளைத்து உள்ளே போன கிரீஸ் வெளியே ஒரு புள்ளியாகத்தான் தெரியும்; வலி குறைவு என்று விட்டுவிட்டால் விரலே போகலாம். அப்படிப் பட்டால் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

தண்ணீர் ஊற்றிய எகிப்தியர் முதல் இந்த மெக்கானிக் வரை நான்காயிரம் ஆண்டாக எல்லாரும் தேடியது ஒன்றைத்தான்: உரசும் இடத்துக்கு மசகு போக வேண்டும், அதன் வழியே தூசி போகக் கூடாது. மெக்காயும் கல்போர்க்கும் ஜெர்க்கும் அந்த வேலையைச் சுலபமாக்கித் தந்தார்கள். மூடியைத் தினமும் திருக வேண்டாம், கடையாணியைக் கழற்ற வேண்டாம். குனிந்து துடைக்கும் வேலை மட்டும் நமக்கு மிச்சம் வைத்திருக்கிறார்கள். அது நடக்காவிட்டால் அவர்களுடைய அத்தனை அறிவும் சேற்றுக்குள் அடைபட்டுக் கிடக்கும்.

அன்று மாலை வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, மாமா சாக்கை விரித்து வண்டியின் அடியில் படுத்தார். கையில் டார்ச்சும் ஒரு பழைய வேட்டிக் கிழிசலும். ஒவ்வொரு மூட்டாகத் துடைத்துக்கொண்டே நிப்பிள்களை எண்ணினார். பின்பக்கத்துத் தூக்குக் கையருகே ஒன்று சேற்றுக்குள் புதைந்திருந்தது. எத்தனை வருஷமாகக் கன் படாமல் கிடந்ததோ, தெரியவில்லை. துடைத்ததும் குண்டு மின்னியது. “கன்னைக் கொண்டா மாப்ள” என்றார் அடியிலிருந்தே.

எடுத்துக்கொண்டு ஓடினேன். கன்னை மாட்டி வைத்திருந்த ஆணிக்கு நேர் மேலே, எரவாணத்தில், தாத்தாவின் மூங்கில் குழாய் இருந்தது.